தீயை மந்தமாக்கும் களிமண் ஏடுகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட அறிவியல் உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஓர் அறிவியல் உரை இடம்பெற வேண்டும் என்று சங்கத்தின் செயற்குழு விரும்பியது. இரசாயனவியலைத் தொழிலாகக் கொண்ட பழைய மாணவிகளாகிய எம்மிடம் அந்தப் பொறுப்பு வந்தது. நாம் தேர்ந்துகொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். பிளாஸ்ரிக்கில் மிகச் சிறிதளவு களிமண்ணைக் கலந்து, அது எரியும் வேகத்தைக் குறைப்பது எப்படி என்பதே எமது பொருள். விழா மேடைக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு உரையின் முடிவில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறோம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எமது சங்கத்தின் வயதையும் பிளாஸ்ரிக்கின் வயதையும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்போம். சங்கம் தொடங்கிய காலத்தில் விடுதி மாணவி ஒருத்தி கொண்டுவந்த பொருள்கள் எவை? தகரப் பெட்டி, பன்பாய், பருத்திச் சேலை, பித்தளைச் செம்பு, மரச் சீப்பு. பேக்கலைற்று என்ற பிளாஸ்ரிக் 1907இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் அது அவள் பெட்டிக்குள் வந்து சேரவில்லை. பொலிஎதிலீன் 1933இல் இங்கிலாந்திலும், நைலோன் 1935இல் அமெரிக்காவிலும் ஆய்வுகூடங்களில் பிறந்தன. எமது சங்கம் இவ்விரண்டுக்கும் மூத்தது. இன்று விடுதி மாணவியின் கட்டிலைச் சுற்றிப் பாருங்கள். மெத்தை, தலையணை, நுளம்பு வலை, திரைச்சீலை, வாளி, கதிரை, கைபேசி, அதற்கு மின்னூட்டும் வயர், வயரின் உறை எல்லாமே பிளாஸ்ரிக். நூறு ஆண்டுக்குள் எம்மைச் சுற்றியுள்ள பொருள்களின் இயல்பு அடியோடு மாறிவிட்டது. அவை தீப்பிடிக்கும் விதமும் மாறிவிட்டது.

பிளாஸ்ரிக் எப்படி எரிகிறது?

ஒரு கிலோகிராம் மண்ணெண்ணெய் முற்றாக எரிந்தால் ஏறத்தாழ 43 மெகாயூல் வெப்பம் வெளிவரும். ஒரு கிலோகிராம் பொலிஎதிலீன் எரிந்தாலும் வெப்பம் கிட்டத்தட்ட அதே அளவுதான். காய்ந்த விறகு தருவது அதில் பாதியிலும் குறைவு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டும் காபனும் ஐதரசனும் கோத்த சங்கிலிகளே. மண்ணெண்ணெயில் சங்கிலி குட்டை. பொலிஎதிலீனில் மிக நீளம். பொலித்தீன் வாளியைத் திண்மமாக்கிய மண்ணெண்ணெய் என்று சொன்னால் அது மிகையல்ல.

ஆனால் திண்மம் நேரடியாக எரிவதில்லை. மெழுகுதிரியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். சுடரின் வெப்பம் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகு ஆவியாகிறது. அந்த ஆவியே எரிகிறது. பிளாஸ்ரிக்கிலும் இதே சுற்றுத்தான். வெப்பம் பட்டதும் நீண்ட சங்கிலிகள் அறுந்து சிறு மூலக்கூறுகளாகி வாயுவாக மேலெழும். அந்த வாயு ஒட்சிசனுடன் சேர்ந்து எரியும். எரிவதால் வரும் வெப்பத்தில் ஒரு பகுதி மறுபடி திண்மத்தின் மேல் விழுந்து மேலும் சங்கிலிகளை அறுக்கும். தீ தனக்கு வேண்டிய உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் தடுத்தால் தீ மந்தமாகும். தீ மந்தமாக்கிகள் என்று அழைக்கப்படும் எல்லாப் பொருள்களும் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. நைலோன், பொலியெஸ்ரர், பொலிபுரோப்பிலீன் போன்றவை எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் புதிய தீ தொடங்கும். தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். வடக்கில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கின் முன் குனிந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் எம்மிற் பலர். அந்தச் சுடருக்கும் நைலோன் இரவாடைக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு குறைவு என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் இந்தப் போத்தல் விளக்குகள் ஏற்படுத்திய தீக்காயங்களைத் தொடர்ந்து கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர, குட்டையான, கனமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள பாதுகாப்பு விளக்கு ஒன்றை வடிவமைத்தார். கவிழ்ந்தாலும் அது உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தீயின் மூலத்தைத் திருத்துவது ஒரு வழி என்பதற்கு அவர் பணி சான்று. எரியும் பொருளைத் திருத்துவது மற்றொரு வழி. நாம் பேச வந்தது இந்த இரண்டாவது வழியைப் பற்றி.

பழைய மருந்துகளும் அவற்றின் விலையும்

பிளாஸ்ரிக் பரவத் தொடங்கியபோது உற்பத்தியாளர்கள் முதலில் நாடியது குளோரீன், புரோமீன் சேர்ந்த சேர்வைகளை. சுடருக்குள் எரிதலைத் தொடரச் செய்வன சுயாதீன மூலிகங்கள். புரோமீன் சேர்வைகள் வெப்பத்தில் உடைந்து இந்த மூலிகங்களைப் பிடித்து அடக்கிவிடும். சிறிதளவு போதும், விலையும் அதிகமில்லை, பிளாஸ்ரிக்கின் பலமும் கெடுவதில்லை. தீயணைக்கும் திறமையை மட்டும் பார்த்தால் இவற்றை மிஞ்சுவது கடினம்.

ஆனால் இவற்றுட் பல பிளாஸ்ரிக்குடன் பிணைந்திருப்பதில்லை. மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியிலும் ஆற்றிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் சேரும். இங்கே ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரை இன்றைய மாணவிகள் அறிய வேண்டும். 1970களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவாடைகளுக்குத் தீத்தடைச் சட்டம் வந்தது. அதற்காக அந்த ஆடைகளில் ரிஸ் என்ற புரோமீன் சேர்வை ஏற்றப்பட்டது. ஆர்லீன் புளும், புரூஸ் ஏம்ஸ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தச் சேர்வை மரபணுவைத் தாக்கக்கூடியது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று எச்சரித்தனர். அதே ஆண்டில் குழந்தைகளின் ஆடைகளில் அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மறுவருடம், 1978இல், அதே ஆர்லீன் புளும் பெண்கள் மட்டுமே அடங்கிய குழுவைத் தலைமைதாங்கி இமயமலையின் அன்னபூர்ணா சிகரத்துக்கு அழைத்துச் சென்றார். பல ஆண்டுகளின் பின், ரிஸ்ஸின் குளோரீன் உறவினர் வீட்டு மெத்தை இருக்கைகளின் பஞ்சில் இருப்பதைக் கண்டு மறுபடியும் ஆய்வுக் களத்தில் இறங்கினார்.

பின்னர் உலக நாடுகளும் விழித்துக்கொண்டன. நிலைத்து நிற்கும் சேதன மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்ரொக்கோம் சமவாயத்தின் பட்டியலில் புரோமீன் சேர்ந்த டைபீனைல் ஈதர்கள் சில 2009இலும், டெக்கா என்ற வகை 2017இலும் சேர்க்கப்பட்டன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. ஆனாலும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் கணினி உறைகளும் உடைத்து மீளுருக்கப்படும்போது அந்தச் சேர்வைகள் புதிய பொருள்களுக்குள் நுழைந்துவிடுகின்றன.

இரண்டாவது மருந்து கனிப்பொருள் தூள். அலுமினியம் ஐதரொட்சைட்டு 200 பாகை செல்சியஸ் அளவில் உடைந்து தன் நிறையில் மூன்றிலொரு பங்கை நீராவியாக வெளிவிடும். மக்னீசியம் ஐதரொட்சைட்டு 300 பாகைக்கு மேல் அதே வேலையைச் செய்யும். நீராவி சுடரைக் குளிர்விக்கிறது, எரிவாயுவை ஐதாக்குகிறது. நஞ்சு எதுவும் இல்லை. குறை என்னவென்றால், பலன் கிடைக்க வேண்டுமானால் பொருளின் நிறையில் 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் தூளாக இருக்க வேண்டும். சோற்றிலும் பார்க்கக் கறியுப்பு கூடிய உணவு போல, அந்தப் பிளாஸ்ரிக் கனமாகவும் நொறுங்குவதாகவும் ஆகிவிடும்.

ஒரு பக்கம் நஞ்சு, மறுபக்கம் பாரம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று தேடியபோது கிடைத்ததுதான் களிமண்.

முருங்கன் மண்ணும் மொண்மொரிலனைற்றும்

மன்னார் முருங்கன் பகுதியில் பிறந்தவர்கள் தங்கள் வயல் மண்ணை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணியலாளர் குருமுசோல் என்று வகுக்கும் மண் இது. நீரைக் குடித்து வீங்கி, நீரை இழந்து சுருங்கும் களிக் கனிப்பொருள்கள் நிறைந்திருப்பதே இதன் காரணம். அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்றது மொண்மொரிலனைற்று. பிரான்சிலுள்ள மொண்மொரிலன் என்ற ஊரின் பெயரால் வந்தது. பெந்தனைற்று என்று வணிகத்தில் வரும் களியில் பெரும்பங்கு இதுவே.

இதன் கட்டமைப்பை ஓர் ஏட்டுச்சுவடிக்கு ஒப்பிடலாம். சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த நான்முகித் தாள்கள் இரண்டு; அவற்றுக்கு நடுவே அலுமினிய எண்முகித் தாள் ஒன்று. இம்மூன்றும் சேர்ந்தது ஓர் ஏடு. ஏட்டின் தடிப்பு ஏறத்தாழ 1 நனோமீற்றர். எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏட்டின் நீள அகலமோ தடிப்பைப் போல நூறு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இடையிடையே சோடியம் போன்ற கற்றயன்களும் நீரும் இருக்கும். நீர் புகுந்தால் ஏடுகள் விலகும். முருங்கன் வயல் வீங்குவது அதனால்தான்.

ஒரு கிராம் களியிலுள்ள ஏடுகள் அனைத்தையும் தனித்தனியாகப் பிரித்தால் அவற்றின் மேற்பரப்பு 700 சதுர மீற்றருக்கு மேல் வரும். எமது வலைப்பந்து மைதானம் ஒன்றரை அளவு. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் இவ்வளவு பரப்பு மடிந்து கிடக்கிறது. பிளாஸ்ரிக்கினுள் இந்த ஏடுகளைப் பிரித்துப் பரப்ப முடிந்தால் மிகச் சிறிய அளவே போதும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பிரிப்பதுதான் கடினம். களி நீரை விரும்பும். பிளாஸ்ரிக் எண்ணெயின் இனம். இரண்டும் சேராது. எனவே இடையிலுள்ள சோடியத்தை அகற்றி, நீண்ட காபன் வால் கொண்ட அமோனியம் அயன்களை அங்கே அமர்த்துவார்கள். அந்த வால்கள் ஏடுகளை அகற்றி வைத்து, எண்ணெய்த் தன்மையையும் ஊட்டும். பிறகு உருகிய பிளாஸ்ரிக் உள்ளே புகும். சில இடங்களில் பிளாஸ்ரிக் ஏடுகளுக்கிடையே புகுந்தாலும் அடுக்கு குலைவதில்லை. வேறு சில இடங்களில் ஏடுகள் முற்றாகப் பிரிந்து திசைக்கொன்றாகப் பரந்துவிடும். சுவடியின் கயிற்றை உருவி ஏடுகளைச் சிதறவிட்டது போன்ற நிலை அது.

சோதனைகள் சொன்னது

நைலோனுடன் களியைக் கலந்தால் தீத்தடை கூடலாம் என்ற குறிப்பு 1976ஆம் ஆண்டிலேயே யுனிற்றிகா என்ற யப்பானிய நிறுவனத்தின் காப்புரிமை ஒன்றில் வந்துவிட்டது. அதை அப்போது எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் ரொயோட்டா நிறுவனத்தின் மத்திய ஆய்வுகூடம் நைலோன் 6இற்குள் ஏறத்தாழ 4 சதவீதக் களியை ஏடு ஏடாகப் பிரித்துப் பரப்பிக் காட்டியது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தீத்தடை அல்ல, காரின் எந்திரத்துக்கு அருகே தாங்கி நிற்கும் பலம். பொருளின் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பாரத்தின் கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 பாகையிலிருந்து 140 பாகைக்கும் மேலே சென்றது. எந்திரத்தின் பட்டி உறை அந்தப் பொருளில் செய்யப்பட்டது.

தீயைப் பற்றிய முறையான ஆய்வு 1997இல் வந்தது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகத்தில் ஜெஃப்ரி கில்மன், தகாஷி கஷிவாகி முதலானோர் களி கலந்த நைலோனைக் கூம்புக் கலோரிமானியில் எரித்துப் பார்த்தனர். இந்தக் கருவியைப் பற்றி ஒரு சொல். ஒரு பொருள் எரியும்போது வெளிவரும் வெப்பத்தை நேரடியாக அளப்பது சிரமம். ஆனால் எரிதலில் செலவாகும் ஒவ்வொரு கிலோகிராம் ஒட்சிசனுக்கும் ஏறத்தாழ 13.1 மெகாயூல் வெப்பம் வருகிறது. மரமானாலும் பிளாஸ்ரிக்கானாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே புகைபோக்கியில் ஒட்சிசன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும். 1980களின் தொடக்கத்தில் விற்றெனிஸ் பப்ரோஸ்கஸ் என்பவர் இந்தத் தத்துவத்தில் கருவியை அமைத்தார்.

கில்மன் குழுவினரின் முடிவு இதுதான். தூய நைலோன் 6 எரியும் உச்சக் கட்டத்தில் சதுர மீற்றருக்கு 1010 கிலோவாற்று வெப்பம் வெளிவந்தது. 2 சதவீதக் களி சேர்த்தபோது அது 686 ஆகக் குறைந்தது. 5 சதவீதம் சேர்த்தபோது 378. உச்சம் 63 சதவீதத்தால் வீழ்ந்தது. 60 சதவீதத் தூள் செய்யும் வேலையின் ஒரு பங்கை 5 சதவீதம் செய்தது. பிளாஸ்ரிக் பலவீனமாகாமல் மேலும் பலம் பெற்றது. புகையும் காபனோரொட்சைட்டும் கூடவில்லை.

இது எப்படி நடக்கிறது? எமது பாட்டிமாரின் அடுப்படியில் இதற்கு விளக்கம் இருக்கிறது. இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் சாம்பலைக் கிளறினால் தணல் உயிரோடு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான். சாம்பல் தணலை அணைப்பதில்லை. காற்று உள்ளே போவதையும் வெப்பம் வெளியே வருவதையும் மந்தப்படுத்துகிறது. களி கலந்த பிளாஸ்ரிக் எரியும்போது மேற்பரப்பிலுள்ள பிளாஸ்ரிக் வாயுவாகிப் போய்விடும். ஏடுகள் எரியாமல் அங்கேயே தங்கும். எரிய எரிய ஏடுகள் ஒன்றுசேர்ந்து, கரியுடன் பிணைந்து, ஒரு மேலோடாக மாறும். சுடரின் வெப்பம் உள்ளே இறங்குவதும், உள்ளிருந்து எரிவாயு வெளியேறுவதும் அந்த மேலோட்டால் தடைப்படுகின்றன. பொருள் தனக்குத் தேவையான நீற்றைத் தானே பூத்துக்கொள்கிறது. உருகிய பிளாஸ்ரிக்கும் களியால் தடிப்பாவதால் சொட்டுவது குறைகிறது.

செய்ய இயலாதவை

இந்த முடிவு வெளிவந்த நாள்களில் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிய பின் இதன் எல்லைகளையும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. மாணவிகள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு கண்டுபிடிப்பின் குறைகளையும் சேர்த்துப் படித்தவளே அதை முழுமையாகப் படித்தவள்.

முதலாவது, உச்சம் குறைகிறதே தவிர மொத்த வெப்பம் குறைவதில்லை. நீறு பூத்த தணலும் முடிவில் எரிந்தே தீரும். இரண்டாவது, தீப்பற்றும் நேரம் தள்ளிப்போவதில்லை. சில வேளைகளில் சற்று முந்தியும் விடுகிறது. அமோனியம் வால்கள் 200 பாகையளவில் உடையத் தொடங்குவது இதற்கு ஒரு காரணம். மூன்றாவது, மின்சாதன உற்பத்தியாளர்கள் கேட்கும் செங்குத்துச் சுடர்ச் சோதனையில் பொருள் சில வினாடிக்குள் தானாக அணைய வேண்டும். களியை மட்டும் கலந்த பிளாஸ்ரிக் பெரும்பாலும் அதில் தேறுவதில்லை. மெதுவாக எரியும், ஆனால் எரிந்துகொண்டேயிருக்கும். நான்காவது, மேலோடு கட்டுவதற்குப் பொருளில் தடிப்பு வேண்டும். மெல்லிய துணிக்கும் படலத்துக்கும் பெரிய பயன் இல்லை. ஐந்தாவது, களியைத் தூளாகக் கையாளும் தொழிலாளியின் சுவாசம் காக்கப்பட வேண்டும். பிளாஸ்ரிக்கினுள் கட்டுண்ட பின் ஏடுகள் அமைதியாக இருக்கும். சாக்கில் இருக்கும்போது அவை நுண்தூசி.

எனவே இன்று களி தனியாக வருவதில்லை, துணையுடன் வருகிறது. மின்வடங்களின் உறையில் அலுமினியம் ஐதரொட்சைட்டுடன் சில சதவீதக் களியைச் சேர்க்கிறார்கள். தூளின் அளவை ஓரளவு குறைக்கலாம். நீராவி பிரிந்தபின் எஞ்சும் சாம்பலைக் களி ஏடுகள் இறுக்கிப் பிடிப்பதால் அது உதிர்ந்துவிடுவதில்லை. பெல்ஜியத்தின் யூப்பன் நகரிலுள்ள வடத் தொழிற்சாலை இத்துறையில் முன்னோடி. வேறு இடங்களில் பொசுபரசுச் சேர்வைகளுடன் களி கூட்டுச் சேர்கிறது.

ஏடு வடிவிலான கனிப்பொருள்கள் வேறும் உண்டு. ஐதரொற்றல்சைற்று என்பது மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஐதரொட்சைட்டு ஏடுகளாலானது. இங்கே ஏடுகளுக்கு இடையில் இருப்பவை காபனேற்று அனயன்களும் நீரும். சூடேறினால் நீராவியையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிட்டுச் சுடரைத் தணிக்கும். வயிற்றெரிவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் இதே கனிப்பொருள் உண்டு. வயிற்றெரிவைத் தணிப்பது வீட்டெரிவையும் தணிக்கிறது என்று எமது ஆய்வுகூடத்தில் பகிடியாகச் சொல்வோம்.

எமது நாட்டின் காரீயமும் இந்தக் குடும்பத்துக்கு உறவுதான். போகலையிலும் கஹட்டகஹவிலும் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் இலங்கைக் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது. காரீயமும் ஏடுகளாலானது, ஆனால் காபன் ஏடுகள். அவற்றுக்கிடையே சல்பூரிக்கமிலத்தைப் புகுத்தி வைத்தால், சூடேறும்போது அது வாயுவாகி ஏடுகளைத் தள்ளும். துகள் புழுப்போல நீண்டு நூறு மடங்குக்கும் மேலாகப் பருத்து ஒரு கரிப் போர்வையாகும். மெத்தைப் பஞ்சுகளில் இது பயன்படுகிறது. வழக்கமாக இதற்குச் செதில் வடிவக் காரீயத்தையே எடுக்கிறார்கள். எமது நரம்புக் காரீயத்துக்கு இப்படி எத்தனை புதிய வேலைகளைத் தேடிக் கொடுக்கலாம் என்பது இன்றைய உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நாம் விட்டுச்செல்லும் கேள்வி.

சில நிமிடங்களின் பெறுமதி

தீ மெதுவாகத்தானே எரிகிறது, அணையவில்லையே, இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஓர் அறையில் தீ தொடங்கினால் அங்கிருப்பவர் பிழைப்பதும் பிழையாததும், வெப்பம் எவ்வளவு வேகமாக வெளிவருகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. உச்சம் தாழ்ந்தால் பக்கத்துப் பொருள் பற்ற நேரமெடுக்கும். கூரையடியில் சூடான வாயு திரண்டு அறை முழுவதும் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும் கணம் தள்ளிப்போகும். ஓர் அம்மா தூங்கும் பிள்ளையை எழுப்பி, கதவைத் திறந்து, படியிறங்கும் நேரம் அது.

2017 ஜூன் 14ஆந் திகதி லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்ததை அங்கு வாழும் எமது சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ வெளிச்சுவரைப் பற்றி உச்சிவரை ஏறியது. 72 உயிர்கள் போயின. அந்தச் சுவரில் பொருத்தியிருந்த தகடுகள் பார்வைக்கு அலுமினியம். இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே இருந்ததோ பொலிஎதிலீன். நடுவே கனிப்பொருள் நிறைந்த தகடுகளும் அதே சந்தையில் கிடைத்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கே வேறுபாடு தெரியும்.

எமது வேண்டுகோள் இந்த இடத்தில்தான் வருகிறது. உலகெங்குமுள்ள பழைய மாணவிகள் கல்லூரிக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். விடுதிக்கு மெத்தைகள், திரைச்சீலைகள், பிளாஸ்ரிக் கதிரைகள், கணினி அறைக்கு வயரிங், மண்டபத்துக்கு உட்கூரை என்று பட்டியல் நீளும். நன்றியோடு பெற்றுக்கொள்கிறோம். இனிவரும் ஒவ்வொரு கொடையின்போதும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் எழுத்தில் கேட்கப்பட வேண்டும் என்று சங்கத்திடம் முன்மொழிகிறோம். இந்தப் பொருள் எந்தத் தீச் சோதனையில் தேறியது? அதன் தீத்தடை எதனால் வருகிறது, புரோமீன் குளோரீன் சேர்வையாலா, கனிப்பொருளாலா? எரிந்தால் அதன் புகை எப்படியிருக்கும்? வயர் வாங்கும்போது குறைந்த புகையும் ஹலஜன் அற்றதுமான உறை என்று குறிப்பிட்டுக் கேட்கலாம். விலை சற்றுக் கூடும். பத்துக் கதிரை கொடுக்க எண்ணியவர் எட்டுக் கதிரை கொடுக்க நேரலாம். அந்த எட்டும் போதும்.

பதில் தெரியாத விற்பனையாளரும் இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் தெரிந்துகொண்டு வருவார்கள். கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் இல்லாத சந்தையில் நல்ல பொருளுக்கு இடமில்லை. விடுதியில் எப்போதும் நூற்றுக்குக் குறையாத பிள்ளைகள் உறங்குகிறார்கள். அவர்களின் பெற்றோர் எம்மை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கனிப்பொருள் எதுவும் கவனத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நுளம்புத் திரியை வலைக்கு அருகே வைக்காதிருப்பது, ஒரே நீட்சி வயரில் ஐந்து கைபேசிகளை மின்னூட்டாதிருப்பது, புகை உணரியின் மின்கலத்தை ஆண்டுக்கொரு முறை பார்ப்பது, இரவில் வெளிக்கதவின் திறப்பு எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பது, இவையெல்லாம் செலவில்லாத தீத்தடைகள்.

சகோதரிகளே, எமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் மண்ணும் சாம்பலும் தீயும் எமக்குப் பாடமாக வந்தன. காலடி மண்ணின் ஓர் ஏடு, மயிரின் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே உள்ளது, தீயை எதிர்த்து நிற்கிறது. தனியாக நின்றால் அதனால் அதிகம் இயலாது. ஆயிரமாயிரமாகச் சேர்ந்து ஒரு மேலோடாகும்போதுதான் அதற்குப் பலம். நூறு ஆண்டாகச் சேர்ந்து நிற்கும் எமது சங்கத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்று கேள்விகளை மறவாதீர்கள்.  எமது கல்லூரி நீடு வாழ்க.